பந்தா, பென்சிலா: பிள்ளைகளின் கண்–கை ஒருங்கிணைப்பை எதை வைத்துப் பார்ப்பது?

போன ஜூனில் பள்ளி திறந்த இரண்டாம் வாரம், தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "சார், நம்ம பிள்ளைகளுக்குக் கண்–கை ஒருங்கிணைப்பு எப்படி இருக்குன்னு பார்த்து ஒரு பதிவேடு போட்டுடுங்க. ஏதாவது ஒரு டெஸ்ட் போதும்" என்றார். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 180 பிள்ளைகள். உடற்கல்விக்கு நான் ஒருவன். கையில் இருந்தவை பூச்சு உதிராத ஒரு சுவர், ஆறு டென்னிஸ் பந்து, ஒரு ஸ்டாப்வாட்ச். "சரிங்க டீச்சர்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த "ஏதாவது ஒரு டெஸ்ட்" என்பதில்தான் சிக்கலே இருக்கிறது என்பது அப்புறம்தான் புரிந்தது.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. இதற்குள் நான்கைந்து முறைகளை நானே செய்து பார்த்துவிட்டேன். மாவட்டத் தலைநகரில் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அம்மா (அன்றாட வேலைகளைச் செய்யத் திணறுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்) வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மூன்று தடவை பார்த்தேன். எந்தச் சோதனையை எடுப்பது என்று யோசிக்கிற ஆசிரியர்களுக்கும், "எதைக் கொடுத்தாலும் கீழே போடுகிறான் சார்" என்று வருகிற பெற்றோருக்கும் உதவுமே என்று எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: பந்தை வைத்துப் பார்ப்பது ஒன்று, பென்சிலை வைத்துப் பார்ப்பது வேறொன்று. ஒன்றில் வாங்கிய மதிப்பெண்ணை மற்றதற்குக் கடன் கொடுக்க முடியாது.

பந்து வரும்போது கண் அதைத் தொடர்ந்து போகிறது. எங்கே, எப்போது வந்து சேரும் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டாக வேண்டும். கை அங்கே போய்ப் பந்துக்குக் காத்திருக்க வேண்டும். பந்து கைக்குக் காத்திருக்காது. தாளில் இருக்கிற சதுரத்தைப் பார்த்து வரைவதில் இந்த அவசரம் கிடையாது. சதுரம் எங்கும் ஓடிவிடாது. ஆனால் மூலை எங்கே, சாய்வு எவ்வளவு என்று கண் பிரித்துப் பார்க்க வேண்டும், விரல் அதைக் கோடு கோடாகக் கட்ட வேண்டும், கோணல் விழுந்தால் கண் பார்த்துத் திருத்த வேண்டும். இரண்டுக்கும் நாம் ஒரே பெயரை வைத்துவிட்டோம். எங்கள் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன், கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நிறுத்தினால் வருகிற பந்தை எல்லாம் அள்ளுவான். அவன் நோட்டைத் திறந்தால் எழுத்துகள் நாலு வரிக்குள் நிற்காமல் சரிந்து சரிந்து மார்ஜினுக்கு வெளியே இறங்கிப் போகும். பந்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவன் பள்ளியிலேயே முதல் ஆள்.

சுவரும் பந்தும்

முதலில் நான் எடுத்தது சுவர்ப் பந்துச் சோதனை. உடற்கல்வி படித்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி ஒரு கோடு. வலது கையால் கீழிருந்து மேலாகப் பந்தைச் சுவரில் எறிய வேண்டும், திரும்பி வருவதை இடது கையால் பிடிக்க வேண்டும். அப்படியே இடது கையால் எறிந்து வலது கையால் பிடிக்க வேண்டும். 30 விநாடியில் எத்தனை பிடி என்பதுதான் மதிப்பெண். செலவு கிடையாது, சுவர் இருந்தால் போதும். ஆறு பேரை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு தோழனை எண்ணச் சொன்னால் 40 பேர் உள்ள வகுப்பு ஒரே பீரியடில் முடிந்துவிடும். இந்த வசதிக்காகத்தான் எல்லோரும் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் நன்றாகவே நடந்தது. நாலாம் வகுப்பில் ஒரு பெண்ணைக் கோட்டில் நிறுத்தினேன். எறிந்தாள், பந்து சுவரில் பட்டு அவள் தோளுக்கு மேலே போனது. ஓடிப்போய் எடுத்து வந்தாள். மறுபடி எறிந்தாள், இந்தத் தடவை பந்து நெஞ்சில் பட்டது, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. 30 விநாடி முடிந்தபோது நாலு பிடி. ஏட்டில் 4 என்று எழுதி, பக்கத்தில் "குறைவு" என்றும் எழுதினேன்.

அன்றைக்கு இடைவேளையில் தாழ்வாரத்தைக் கடந்து போனேன். அதே பெண் தூணடியில் உட்கார்ந்து சொட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். வேறு ஊர்க்காரர்கள் தட்டாங்கல் என்பீர்கள், அஞ்சாங்கல் என்பீர்கள். பழைய பாட்டுகளில் கழங்கு என்று வருவதும் இந்த வகைதான். ஒரு கல் மேலே போகிறது. அது கீழே வருவதற்குள் தரையில் கிடக்கிற மூன்றையும் ஒரே வீச்சில் அள்ளி, வருகிற கல்லையும் அதே கையில் வாங்குகிறாள். கண் மேலே போன கல்லைவிட்டு அகலவில்லை. அப்புறம் ஐந்தையும் மேலே விட்டுப் புறங்கையில் ஏந்தினாள், ஒன்றுகூடச் சிதறவில்லை. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிய கல். கண்–கை ஒருங்கிணைப்பு "குறைவு" என்று இவளைப் பற்றித்தான் எழுதிவைத்திருந்தேன்.

அவளுக்குக் குறைவாக இருந்தது பந்துப் பழக்கம். வீட்டில் பந்து அண்ணன் கையில். பள்ளியில் மைதானம் பையன்கள் கையில். சுவர்ப் பந்துச் சோதனை ஒருங்கிணைப்போடு சேர்த்து, இதுவரை எத்தனை ஆயிரம் தடவை பந்தைத் தொட்டிருக்கிறாய் என்பதையும் அளந்துவிடுகிறது. மூன்று வாரம் பி.டி. பீரியடில் பந்தைக் கொடுத்து விளையாட விட்டேன். மறுபடி வைத்தபோது 11 வந்தது. மூன்று வாரத்தில் ஒரு பிள்ளையின் நரம்பும் தசையுமா மாறிவிட்டன? பந்து கொஞ்சம் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது கோளாறு வயது. இரண்டாம் வகுப்பில் இதை வைத்தபோது வரிசையாக 0, 1, 0, 2, 0 என்று வந்தது. அந்த வயதில் பல பிள்ளைகள் பந்தை நெஞ்சோடு சேர்த்துத்தான் பிடிக்கிறார்கள். உள்ளங்கையும் சின்னது, டென்னிஸ் பந்தோ கிட்டத்தட்ட 6.5 சென்டிமீட்டர் குறுக்களவு. போதாக்குறைக்குப் பழகாத கையால் வேறு எறிய வேண்டும். 30 விநாடியில் 25 விநாடி பந்தைத் துரத்துவதிலேயே போய்விடுகிறது. வகுப்பில் பாதிப் பேருக்குச் சுழியம் வந்தால் யாருக்குத் தொல்லை, யாருக்கு இல்லை என்று அதிலிருந்து எதைப் பிரித்துப் பார்ப்பது? எட்டு வயதுக்குக் கீழே இதை வைக்கவே வைக்காதீர்கள். என்னைக் கேட்டால் பத்துக்குக் கீழேயே வேண்டாம் என்பேன்.

மூன்றாவது, இணையத்தில் சுற்றுகிற அட்டவணை. 35-க்கு மேல் பிடித்தால் அபாரம், அதற்குக் கீழே நன்று, சராசரி என்று போகும். அது 15, 16 வயதை ஒட்டியவர்களுக்குப் போட்ட அட்டவணை. அதை எடுத்து ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பொருத்தினால் பள்ளியே தேறாது. சில இடங்களில் 2 மீட்டர் என்றும் சில இடங்களில் 1 மீட்டர் என்றும் தூரமே மாறுகிறது, ஆகவே எண்ணோடு தூரத்தையும் எழுதிவைக்காத பதிவு எதற்கும் உதவாது.

பிறகு எதற்குத்தான் இந்தச் சோதனை? பெரிய பிள்ளைகளின் முன்னேற்றத்தைப் பார்க்க இதைவிட எளிதான வழி இல்லை. அதே சுவர், அதே கோடு, அதே பந்து. ஜூனில் 14 பிடித்தவன் ஜனவரியில் 21 பிடித்தால் அவனுக்கே ஒரு தெம்பு. அவனைப் பக்கத்துப் பையனோடு ஒப்பிட ஆரம்பித்தால்தான் வம்பு.

சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டு

மத்திய அரசின் ஃபிட் இந்தியா, கேலோ இந்தியா பள்ளி உடல்தகுதித் தேர்வுமுறையில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தட்டு தொடும் சோதனை இருக்கிறது. 'பிளேட் டாப்பிங்' என்று நம் பதிவேட்டில் இருப்பது அதுதான். ஐரோப்பாவில் யூரோஃபிட் என்ற பெயரில் 1980-களில் தொகுத்த உடல்தகுதிச் சோதனைகளிலிருந்து வந்தது. இடுப்பளவு உயரமுள்ள மேசையில் 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள இரண்டு வட்டங்கள், மையத்துக்கு மையம் 60 சென்டிமீட்டர். நடுவில் ஒரு செவ்வகம். பழகாத கையைச் செவ்வகத்தில் வைத்துக்கொண்டு, பழகிய கையால் அந்தக் கைக்கு மேலாகவே மாற்றி மாற்றி இரண்டு வட்டங்களையும் தொட வேண்டும். 25 சுற்று, அதாவது 50 தொடுதல். எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு வாய்ப்பு, நல்லதை எடுத்துக்கொள்ளலாம்.

பழைய நாட்காட்டி அட்டையை வெட்டி மஞ்சள் தாள் ஒட்டி நானே செய்துகொண்டேன். ஆறு வயதுப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். பந்து பழக்கம் தேவையில்லை, துரத்த வேண்டியதில்லை, யாருக்கும் சுழியம் வராது. ஒன்றாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் பிரித்துக் காட்டும் அளவுக்கு விநாடிகளில் வித்தியாசம் வருகிறது. சின்ன வகுப்புகளுக்குச் சுவரை விட்டுவிட்டு இதை எடுங்கள் என்று யோசிக்காமல் சொல்வேன்.

ஆனால் செய்யும் விதத்தில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். இடதுகைப் பிள்ளையை "சோத்துக் கையால தொடு" என்று அதட்டுகிற பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. எது பழகிய கை என்பதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். மற்றது, இங்கே குறைந்த விநாடிதான் நல்லது. பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பெரிய எண்ணை முதலிடத்தில் போட்டு, மெதுவாகச் செய்தவனுக்கெல்லாம் சான்றிதழ் தயாரித்த கூத்து ஒன்று நடந்தது. அதைச் செய்தவன் நான்தான்.

இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் வட்டம் என்பது கிட்டத்தட்டச் சாப்பாட்டுத் தட்டு. அதைத் தொடுவதற்குக் குறி பெரிதாகத் தேவையில்லை, வேகம்தான் தேவை. பொத்தான் போடவும் ஊசியில் நூல் கோக்கவும் திணறுகிற பிள்ளைகூட இதில் சராசரியாக வந்துவிடலாம்.

அளவுகோலைத் திடீரென்று விட்டுப் பிடிக்கச் சொல்லும் சோதனையையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் சுமார் 0.2 விநாடி என்று இயற்பியல் பாடத்துக்கு அருமையான உதாரணம் அது. அது பார்ப்பது எதிர்வினை நேரத்தை. கையைக் குறி பார்த்துக் கொண்டுபோகிற வேலையே அதில் இல்லை, ஆகவே இந்தக் கேள்விக்கு அது வேண்டாம். செல்போன், டேப்லெட் விளையாட்டுகளும் அப்படித்தான். கண்ணாடியைத் தேய்க்கிற விரல் பென்சில் பிடிக்கிற விரலைப் பற்றி அதிகம் சொல்லாது.

பென்சில் சொல்வது

ஸ்லிப் பையனுக்கு வருகிறேன். அவன் அம்மாவிடம் பேசி, அந்தத் தெரபிஸ்ட் அம்மாவிடம் அனுப்பினோம். அவர் எடுத்தது பீரி வி.எம்.ஐ. என்ற வடிவம் பார்த்து வரையும் சோதனை. கீத் பீரியும் நார்மன் பக்டெனிகாவும் சேர்ந்து 1967-ல் வெளியிட்டது, பல பதிப்புகள் கண்டது. ஆறாம் பதிப்பில் 30 வடிவங்கள். நேர்க்கோடு, வட்டம், கூட்டல்குறி என்று எளிதாகத் தொடங்கி, முக்கோணம், சாய்சதுரம் என்று போய், கடைசியில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்த, கனம் தெரிகிற உருவங்கள் வரை போகும். மேலே உருவம், அதன் கீழே வெற்றுக் கட்டம். பார்த்து வரைய வேண்டும். அழிக்கக்கூடாது, புத்தகத்தைத் திருப்பக்கூடாது. நேரக் கெடு இல்லை. பெரும்பாலும் 10, 15 நிமிடத்தில் முடிந்துவிடும்.

பையன் கூட்டல்குறி வரை வேகமாகப் போனான். முக்கோணம் ஒப்பேறியது. சாய்சதுரத்தில் நின்றான். மேலிருந்து ஒரு கோடு இழுத்தான், மூலையில் திரும்பும்போது கை ஒரு நொடி தயங்கி, ஒரு சின்னக் காது முளைத்தது. அடுத்த மூலையிலும் ஒரு காது. கடைசிக் கோடு தொடங்கிய இடத்துக்கு வந்து சேராமல் பக்கத்தில் போய் நின்றது. அழிரப்பருக்குக் கை போனது, இல்லை என்று தெரிந்து பேசாமல் அடுத்ததற்குப் போனான். சாய்சதுரம் ஏழு வயதை ஒட்டித்தான் பிள்ளைகளுக்கு ஒழுங்காக வரும் என்பார்கள், ஆகவே ஆறு வயதுப் பிள்ளை காது வைத்தால் யாரும் கவலைப்பட வேண்டாம். இவனுக்குப் பத்து.

எனக்கு இந்தச் சோதனையில் பிடித்தது இதற்கு அப்புறம் வருவது. வரைதல் தவறினால் தப்பு எங்கே நடக்கிறது என்று தேட இரண்டு துணைச் சோதனைகள் இருக்கின்றன. ஒன்றில் பென்சில் வேலையே கிடையாது: மேலே இருக்கிற உருவத்துக்குச் சரியாகப் பொருந்துகிற ஒன்றைக் கீழே இருப்பவற்றிலிருந்து காட்ட வேண்டும், மூன்று நிமிடம். இன்னொன்றில் உருவத்தைக் கண்டுபிடிக்கிற வேலை கிடையாது: வழி போட்டுக் கொடுத்திருப்பார்கள், அதற்குள்ளேயே கோடு போக வேண்டும், ஐந்து நிமிடம். முதலாவதில் நம் பையன் மளமளவென்று சரியாகக் காட்டிவிட்டான். இரண்டாவதில் கோடு இரண்டு பக்கமும் இடித்து இடித்துப் போனது. அவனுக்கு வடிவம் தெரிகிறது. விரல்தான் சொன்னபடி கேட்கவில்லை. "பார்த்து எழுதுடா, கண்ணு எங்க இருக்கு?" என்று இரண்டு வருஷமாக நாங்கள் திட்டியது மொத்தமும் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. தெரபிஸ்ட் முதலில் பார்த்தது அவன் உட்காரும் விதத்தை. எங்கள் பெஞ்சில் அவன் கால் தரையைத் தொடாது. தொங்கிக்கொண்டிருக்கிற காலோடு உடம்பை நிறுத்துவதற்கே பாதிக் கவனம் போகிறது என்றார். காலுக்கடியில் ஒரு மரப்பலகை, பென்சில் பிடிக்குச் சில பயிற்சிகள் என்று தொடங்கினார்கள்.

இதை ஜெராக்ஸ் எடுத்துப் பள்ளியிலேயே வைக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். காப்புரிமை ஒரு பக்கம் இருக்கட்டும். ஒவ்வொரு வடிவத்துக்கும் எது தேர்ச்சி, எது தவறு என்று அளவுகளோடு விதி இருக்கிறது, வயதை வருஷம் மாதக் கணக்கில் எடுத்து 100-ஐ நடுவாக வைத்த மதிப்பெண்ணாக மாற்ற வேண்டும். கண்ணால் பார்த்து "பரவாயில்லை" போடுகிற வேலையில்லை. அதோடு, பள்ளியில் நாலு தடவை வரைந்து பழகிய பிள்ளைக்கு அப்புறம் தெரபிஸ்ட் வைக்கிற சோதனை பொய்த்துவிடும்.

ஆசிரியரால் செய்ய முடிந்தது வேறு ஒன்று இருக்கிறது, காசில்லாதது. ஒரே பத்தியை ஒரு நாள் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள், இன்னொரு நாள் பக்கத்தில் வைத்த புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பலகையைப் பார்த்து எழுதுவது மட்டும் மோசமாக இருந்தால் முதலில் கண்ணைச் சந்தேகப்படுங்கள். இரண்டுமே மோசம், ஆனால் சொல்லச் சொல்ல எழுதினால் கொஞ்சம் தேவலை என்றால் அது வேறு கதை. புள்ளிக் கோலத்தையும் பயன்படுத்திப் பார்த்தேன். நேர்ப்புள்ளி அஞ்சு, புள்ளியைச் சுற்றிப் போகிற சிக்குக் கோலம். கோடு எங்கே தடுமாறுகிறது என்று நன்றாகத் தெரிகிறது. ஆனால் வீட்டு வாசலில் தினமும் போடுகிற பிள்ளைக்கும் அபார்ட்மென்ட் பிள்ளைக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பந்துக்குச் சொன்ன குறையேதான் இங்கேயும். கவனிக்க உதவும், மதிப்பெண் போட உதவாது.

பெட்டி வாங்கலாமா?

கொஞ்சம் வசதியுள்ள தனியார் பள்ளியில் வேலை பார்க்கிற நண்பர் ஒருவர், முழுச் சோதனைப் பெட்டியே வாங்கிவிடலாமா என்று கேட்டார். இந்தத் துறையில் அதிகம் பேசப்படுபவை இரண்டு: மூவ்மென்ட் ஏ.பி.சி., புரூயினிங்க்ஸ்–ஒசரெட்ஸ்கி. முதலாவதின் இரண்டாம் பதிப்பு 2007-ல் வந்தது, 3 முதல் 16 வயது வரை. எட்டே வேலைகள்: கை நுணுக்கத்துக்கு மூன்று, குறிபார்த்தல்–பிடித்தலுக்கு இரண்டு, சமநிலைக்கு மூன்று. 7 முதல் 10 வயதுப் பிள்ளைகள் ஆணி போன்ற குச்சிகளைத் துளையில் செருக வேண்டும், பலகைத் துளைகளில் கயிறு கோக்க வேண்டும், இரண்டு கோட்டுக்கு நடுவே வெளியே போகாமல் வரைய வேண்டும், சுவரில் எறிந்த பந்தை இரண்டு கையால் பிடிக்க வேண்டும், பீன்ஸ் பையைக் குறிபார்த்து எறிய வேண்டும். பந்தும் பென்சிலும் ஒரே பெட்டியில் இருப்பதுதான் இதன் பலம். ஒரு பிள்ளைக்கு 20 முதல் 40 நிமிடம். பாட்-2 என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிற மற்றது 2005-ல் வந்த பதிப்பு. 4 முதல் 21 வயது, 53 உருப்படிகள், எட்டுப் பிரிவுகள், முழுதாகச் செய்தால் முக்கால் மணிக்குக் குறையாது. பிரச்சினை இருக்கிறதா என்று அறிய முதலாவது, இருக்கிற பிரச்சினையை எட்டுத் திசையிலும் விரித்துப் பார்க்க இரண்டாவது. ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் முதலாவது.

ஆனால் பள்ளி வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விலை ஒரு சின்னப் பள்ளியின் வருஷாந்தர விளையாட்டுச் செலவை விழுங்கிவிடும். பயிற்சி பெற்றவர்தான் கையாள வேண்டும். ஒப்பிடுவதற்கான அளவுகளோ வெளிநாட்டுப் பிள்ளைகளை வைத்துப் போட்டவை. அதைவிட முக்கியமான காரணம் வெறும் கணக்கு. மூவ்மென்ட் ஏ.பி.சி. முடிவை டிராஃபிக் சிக்னல் மாதிரி மூன்று நிறமாகச் சொல்லும்: நூற்றில் கடைசி 5 பேருக்குள் வந்தால் சிவப்பு, 6 முதல் 15-க்குள் மஞ்சள், அதற்கு மேல் பச்சை. ஆக, 40 பிள்ளைகள் உள்ள எந்த வகுப்பிலும் சுமார் ஆறு பேர் சிவப்பிலோ மஞ்சளிலோ வந்து நிற்பார்கள். கோடே அப்படித்தான் கிழிக்கப்பட்டிருக்கிறது. வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் கோளாறு (கை, கால் அசைவுகளை ஒருங்கிணைக்கத் திணறும் நிலை) உள்ள பிள்ளைகள் 5, 6 விழுக்காடு என்கிறார்கள், அதாவது அந்த 40 பேரில் இரண்டு பேர். மீதி நாலு பேரின் வீட்டில் சும்மா தூக்கம் கெடும். மருத்துவர்களின் கையேடும் வெறும் மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்யச் சொல்லவில்லை. அன்றாட வாழ்க்கையிலும் படிப்பிலும் அது தடையாக இருக்கிறதா, சின்ன வயதிலிருந்தே இருக்கிறதா, கண்பார்வை போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று எல்லாம் பார்க்கச் சொல்கிறது.

அந்த "அன்றாட வாழ்க்கை" என்பதைக் கேட்டறிய டி.சி.டி.க்யூ. என்ற கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. 15 கேள்விகள், 5 முதல் 15 வயது வரை, பெற்றோர் நிரப்புவது, இலவசம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். நான் அதை வைத்துப் பேச ஆரம்பிப்பேன், கூட்டிப் பார்த்து முடிவு சொல்ல மாட்டேன். பந்தை மட்டையால் அடிப்பது பற்றிய கேள்விக்கு ஓர் அம்மா, "அவ மட்டையைத் தொட்டதே இல்லியே சார், என்ன போடட்டும்?" என்று கேட்டார். என்ன போடச் சொல்வது? ஆனால் அதே அம்மா, சட்டைப் பொத்தான், சாப்பாட்டு டப்பா மூடி, ஷூ லேஸ் என்று கேட்டபோது கால் மணி நேரம் பேசினார். எந்தச் சோதனையிலும் வராத செய்தி அது.

கண்ணை முதலில் பாருங்கள்

இதை நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் ஒருவன் பந்து வரும்போதெல்லாம் முகத்தைக் கொஞ்சம் இடதுபக்கம் திருப்பிக்கொள்வான். பயப்படுகிறான் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகளைப் பரிசோதிக்கிற அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் மருத்துவக் குழு பள்ளிக்கு வந்த அன்று ஒரு கண்ணை மூடி எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். இடது கண்ணால் தடதடவென்று படித்தான். இடது கண்ணை மூடியதும் மேல் வரியிலேயே நின்றுவிட்டான். இத்தனை வருஷம் ஒற்றைக் கண்ணால்தான் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், அவனுக்கே தெரியாது. இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்தால்தான் பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பது துல்லியமாகப் பிடிபடும். சோம்பல் கண் என்று சொல்லப்படுகிற இந்த வகைக் குறையை எவ்வளவு சின்ன வயதில் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. அவன் சுவர்ப் பந்து மதிப்பெண்ணை வைத்து நான் என்ன எழுதியிருந்தாலும் அது தப்பாகத்தான் இருந்திருக்கும். ஆகவே எந்தச் சோதனைக்கும் முன்னால், இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் பரிசோதித்தாகிவிட்டதா, கண்ணாடி உள்ள பிள்ளை கண்ணாடி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியைப் பைக்குள் வைத்துவிட்டு மைதானத்துக்கு வருகிறவர்கள் வகுப்புக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள்.

இந்த வருஷம் எங்கள் பள்ளியில் செய்வது இதுதான். ஒன்று முதல் மூன்று வரை தட்டு. எப்படியும் ஃபிட் இந்தியா பதிவுக்கு அது தேவைப்படுகிறது. நாலு, ஐந்தாம் வகுப்புகளுக்குப் பந்து விளையாட்டு உண்டு, மதிப்பெண் கிடையாது. ஆறு முதல் எட்டு வரை சுவர்ப் பந்து, ஜூனிலும் ஜனவரியிலும், அவரவர் பழைய எண்ணோடு மட்டும். எழுத்து வேலைக்கு வகுப்பாசிரியர்கள் நோட்டுகளையும் பலகையையும் புத்தகத்தையும் பார்த்துப் பத்தி எழுதுகிற சோதனையையும் பார்க்கிறார்கள். பந்து, நோட்டு, வீட்டு வேலை மூன்றில் இரண்டிலாவது ஒரு பிள்ளை தொடர்ந்து திணறினால் கண் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். அதில் ஒன்றும் இல்லை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்லி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கோ தெரபிஸ்டிடமோ போகச் சொல்கிறோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளுக்குள் டிஸ்கிராஃபியா (எழுதுவதில் திணறல்), டிஸ்பிராக்சியா (அசைவுகளை ஒருங்கிணைப்பதில் திணறல்) இரண்டும் பெயர் சொல்லி வருகின்றன என்பதைப் பல பெற்றோர் கேள்விப்பட்டதே இல்லை. அதையும் சொல்லி அனுப்புகிறோம்.

அனுப்பும்போது கொடுக்கிற சீட்டில் எண் எழுதுவதில்லை, பார்த்ததை எழுதுகிறேன். "டிபன் பாக்ஸ் மூடியைப் பல்லால் திறக்கிறான். பலகையைப் பார்த்து நாலு வரி எழுத 20 நிமிடம். பந்து நேராக வந்தால் பிடிக்கிறான், பக்கவாட்டில் வந்தால் கை நீட்டுவதில்லை." தெரபிஸ்ட் அம்மா, "14-ன்னு ஒரு நம்பர் எழுதி அனுப்பினா நான் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும் சார், இப்படி எழுதினா பாதி வேலை முடிஞ்சுது" என்றார்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன். கண்–கை ஒருங்கிணைப்பு என்று ஒரே ஒரு பத்தி விட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சொட்டாங்கல் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்து அந்தப் பத்தியின் நடுவில் ஒரு கோடு கிழித்தார். இடப்பக்கம் 'பந்து', வலப்பக்கம் 'பென்சில்' என்று எழுதினார். "இடம் பத்தாதே சார், சீட்டை எங்க ஒட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டு, பின் அட்டையோடு ஒரு கவர் வைத்துத் தைக்கச் சொன்னார்.